சிலந்திக்குப் பயந்த வயர்மன்

திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியில் ஃபான் கழற்றப் போன இடத்தில்தான் விழுந்தேன். எட்டடி ஏணி, ஐந்தாவது படி. ஃபானுக்கு மேலே வயர் இணைப்பை மூடிக்கொண்டு கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒன்று இருக்குமே, அதன் திருகாணியைத் தளர்த்திக் கீழே இறக்கியதும் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிலந்தி வெளியே வந்து என் கையில் ஏறி முழங்கை வரைக்கும் ஓடியது. அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் இருப்பது தரையில் கிடந்ததுதான். வலது மணிக்கட்டு இருக்கக்கூடாத கோணத்தில் இருக்கிறது. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற பொடியன் குனிந்து பார்த்து, "அண்ணை, அது உங்களுக்கு முதலே இறங்கி ஓடிட்டுது" என்கிறான்.

ஆறு கிழமை பிளாஸ்டர். மாரி மழை தொடங்கிய நேரம், ஒவ்வொரு இடிக்கும் யாரோ ஒருவர் வீட்டில் மெயின் சுவிச் விழும், எங்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும் காலம். நான் உப்புவெளியில் வீட்டு விறாந்தையில் கை கட்டிக்கொண்டு குந்தியிருந்தேன்.

இருபது வருசமாக வயரிங் வேலை செய்கிறேன். 230 வோல்ட்டிடம் மரியாதை உண்டு, பயம் இல்லை. சிலந்தி என்றால் மட்டும் வயிற்றுக்குள் ஏதோ கழன்று விழுகிற மாதிரி இருக்கும். சீலிங்குக்குள் தலையை விடுவதற்கு முதல் "வயர் எப்படிப் போகுது பார்" என்று பொடியனை ஏற்றி விடுவேன். அவன் இறங்கி வந்து, "வயர் நல்லா இருக்கு, மற்றதும் இல்லை" என்பான். வீட்டுக்காரருக்கு விளங்காது. எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கும். நாற்பத்து மூன்று வயது ஆம்பிளை இதை வெளியே சொல்லுகிறதா என்று வருசக்கணக்காக மூடி வைத்திருந்தேன், அந்த மூடலுக்கு விலைதான் ஒரு எலும்பு என்றும் சொல்லலாம்.

பயம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பாலையூற்றில் இருந்த அம்மம்மாவின் ஓலை வீட்டைத்தான் காட்டுவேன். அம்மம்மா பாம்பைக் கண்டால் ஒதுங்கி வழி விடுவா, மட்டத்தேளைச் செருப்பால் அடிப்பா, ஆனால் சிலந்தி என்றால் வீடே இரண்டாகும். சிலந்தி மூத்திரம் பட்டால் உடம்பு கொப்பளிக்கும். கறிச்சட்டிக்குள் விழுந்தால் அந்தக் கறி நஞ்சு. சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் நம் மேல்தான் பாயப் போகிறது. இவ்வளவும் சொன்ன அதே அம்மம்மா எனக்குக் காலில் வெட்டுக் காயம் வந்தால் மூலையில் கிடக்கும் ஒட்டறையைச் சுருட்டி எடுத்து அதில் அப்பி விடுவா, இரத்தம் நிற்குமாம். நூலில் நஞ்சு இல்லைத்தான், ஆனால் அதில் ஒட்டியிருக்கிற தூசியும் மண்ணும் திறந்த காயத்துக்குள் போவது ஏற்புவலிக்கு அழைப்பு வைக்கிற மாதிரி. சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தாலே சாதாரண வெட்டில் இரத்தம் நிற்கும் என்பதை நான் படித்தது இந்த வேலைக்கு வந்த பிறகுதான்.

இன்னொரு வேடிக்கை, ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பில் திருவானைக்காவில் லிங்கத்துக்கு மேல் வலை பின்னி வெயிலும் சருகும் விழாமல் காத்த சிலந்திதான் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்று படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து தும்புத்தடியால் சிலந்தியை நசுக்குவோம். என்னோடு வேலை செய்யும் கிண்ணியா மேசன் நானா ஒருவர் நசுக்க விடமாட்டார். நபியவர்கள் குகைக்குள் ஒளிந்திருந்தபோது வாசலில் வலை கட்டிக் காத்த சீவன் என்று அவருடைய வாப்பும்மா சொல்லி வளர்த்தாவாம். அவர் சிலந்தியைக் கையால் தூக்கி வெளியே விடுவதைப் பார்த்து நான் நாலடி தள்ளி நிற்பேன்.

பயம் முழுக்க அம்மம்மா தந்ததா என்றால் அதுவும் சரியில்லைப் போல. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் ஆறு மாதக் குழந்தைகளுக்குப் பூவின் படத்தையும் சிலந்தியின் படத்தையும் காட்டிப் பார்த்து 2017 இல் எழுதியிருக்கிறார்கள், சிலந்தியைக் காணும்போது குழந்தைகளின் கண்மணி கூடுதலாக விரிந்ததாம். ஏதோ ஒரு திடுக்கிடல் பிறப்போடேயே வருகிறது, அதற்கு மேல் கதையைக் கட்டுவது நாங்கள்.

சரி, விறாந்தைக்கு வருகிறேன். வேலையும் இல்லை, மழையும் விடவில்லை, கண்ணுக்கு முன்னால் இருந்தது சுவர்தான். முதல் கிழமையில் கண்டது மூலையில் தொங்கிக்கொண்டிருந்த நீட்டுக்கால் சிலந்தியை. உடம்பு அரிசி அளவு, கால்கள் தலைமயிர் மாதிரி. இதைப் பற்றி எங்கள் பக்கம் மட்டுமில்லை, உலகம் முழுக்க ஒரு கதை உண்டு: இதுதான் எல்லாவற்றிலும் கொடிய நஞ்சு, வாய் சின்னதாக இருப்பதால் மட்டும் நாம் தப்பிக்கிறோம் என்று. பொய். இது மனிதனுக்கு ஒன்றும் செய்யாத சீவன். பிளாஸ்டர் கையால் நூலை மெல்லத் தட்டினேன், அது வலையில் தொங்கியபடியே உடம்பை உருவம் தெரியாத அளவுக்குக் கிடுகிடுவென்று ஆட்டியது. பயந்துபோய்ச் செய்கிற வேலை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தோம், அது எனக்குச் சிரிப்பாக வந்தது. இந்த நீட்டுக்கால் மற்றச் சிலந்திகளையும் பிடித்துத் தின்னும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

அப்புறம் சுவிச் போர்ட்டில் இருந்த குதிக்கிற சின்னன். இது வலை கட்டாது. சிலந்தி எல்லாம் வலை கட்டும் என்பதே தவறு, எங்கள் வீட்டில் இருப்பவற்றில் பாதி வலையே கட்டுவதில்லை. நுளம்பை விடக் கொஞ்சம் பெரிசு, மயிர் மூடிய கட்டையான உடம்பு, முன்னால் இரண்டு பெரிய கண், பக்கத்தில் சின்னக் கண்கள், மொத்தம் எட்டு. நான் ஒரு பேனையின் முனையைக் காட்டினால் அது முழு உடம்பையும் திருப்பிப் பார்க்கும், பேனையை இடப்பக்கம் கொண்டு போனால் இடப்பக்கம் திரும்பும். "சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும்" என்று அம்மம்மா சொன்னது இதைத்தான். அவ சொன்னது சரி, அது பார்க்கத்தான் செய்கிறது. ஒரு ஈ வந்து போர்ட்டின் மேல் விளிம்பில் குந்தியது. இது பூனை மாதிரிப் பதுங்கி வந்து, வயிற்றின் நுனியைச் சுவரில் ஒருக்கால் தொட்டு நூலை ஒட்டிவிட்டுப் பாய்ந்தது. ஈயோடு சேர்ந்து கீழே விழுந்தது, நூலில் தொங்கியது, ஏறி வந்து தின்றது. ஏணியில் ஏறும்போது பாதுகாப்புக் கயிறு கட்டு என்று பொடியனுக்கு நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். நான் கட்டியதில்லை.

முசுறு எறும்பு மாதிரியே இருக்கிற ஒரு சிலந்தியும் மாமரத்தில் உண்டு. இதற்கு முதல் நூறு தரமாவது பார்த்திருப்பேன், எறும்பென்றே நினைத்திருக்கிறேன். எறும்பு என்று நினைத்தபடியால் பயமும் வரவில்லை.

என்னை விழுத்திய ஆள் இரவில்தான் வருவார். மண்ணிறம், சப்பையான உடம்பு, கால்களை நண்டு மாதிரிப் பக்கவாட்டில் பரப்பிக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்கும், வாய்க்கு மேலே வெளிறிய ஒரு கோடு மீசை மாதிரி. உடம்பு சப்பையாக இருப்பதால்தான் ஃபான் மூடிக்குள்ளும் கதவு நிலைக்குப் பின்னாலும் நுழைகிறது. வெப்ப நாடுகள் பலவற்றிலும் வீடுகளுக்குள் வாழ்கிற இனம் இது. குசினியில் லைற்றைப் போட்டபோது ஒரு கரப்பானை வாயில் கவ்விக்கொண்டு அலுமாரியின் பக்கத்தில் நிற்பதைக் கண்டேன். மனுசி கரப்பானுக்குக் கத்தினா, நான் சிலந்திக்குக் கத்தினேன். பிறகு ஒரு நாள் தட்டையான வெள்ளை வட்டம் ஒன்றை, பெரிய பட்டன் மாதிரி, நெஞ்சுக்குக் கீழே அணைத்துக்கொண்டு ஒன்று வந்தது. அது முட்டைப் பை. குஞ்சு பொரிக்கும் வரை தாய் அதைச் சுமந்துகொண்டுதான் திரியும். அந்த நேரத்தில் அது வேட்டைக்கும் போகாது, சுவரில் அசையாமல் நிற்கும். "இது ஏன் அசையாமல் நிற்குது, பாயப் பார்க்குது" என்று நாங்கள் அடித்துக் கொன்றவற்றில் எத்தனை இப்படிப் பிள்ளைத்தாச்சி நின்றதோ தெரியாது.

இந்த நேரத்தில்தான் கழுத்து விசயம் நடந்தது. மார்கழி நடுப்பகுதி, இரண்டு நாள் அடைமழை விட்ட அடுத்த காலை. எழும்பும்போது கழுத்தின் இடப்பக்கம் நெருப்புப் பட்ட மாதிரி எரிச்சல். கண்ணாடியில் பார்த்தால் மூன்று அங்குல நீளத்துக்குச் சிவப்புக் கோடு, பின்னேரத்துக்குள் அதன் மேல் சின்னச் சின்னக் கொப்புளங்கள், நடுவில் மஞ்சள். மனுசி பார்த்தவுடன் சொன்னா, "இஞ்சருங்கோ, சிலந்திதான் பெய்திட்டுது". பக்கத்து வீட்டு அக்காவும் வந்து அதேதான் சொன்னா. நான் உடனே நம்பினேன், நம்புவதற்குக் காத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை. அன்றிரவே வீட்டில் இருந்த சிலந்தி அத்தனையையும் தும்புத்தடியால் முடித்துவிட்டு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிக்கொண்டு படுத்தேன்.

இரண்டு நாளில் எரிச்சல் கூடியது. டொக்டரிடம் போனேன். அவர் கழுத்தைப் பார்த்து அரை நிமிசம்கூட எடுக்கவில்லை. "படுக்கிற இடத்துக்கு மேல ரியூப்லைற் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது, நானே பூட்டியது. "யன்னல் திறந்தா படுத்தனீங்கள்?" ஆம். அது சிலந்தி இல்லை, ஒரு வண்டு என்றார். வீட்டுக்கு வந்து லைற்றுக்குக் கீழே தேடியபோது மூன்று கிடைத்தன. பார்த்தால் எறும்பு என்றுதான் நினைப்பீர்கள்: ஒரு சென்ரிமீற்றர்கூட வராது, தலை கறுப்பு, கழுத்து செம்மஞ்சள், நடுவில் நீலக் கறுப்பாக ஒரு குட்டைச் சட்டை போட்ட மாதிரி இறக்கை மூடி, அதற்குப் பின் மறுபடி செம்மஞ்சள், வால் நுனி கறுப்பு. தொந்தரவு செய்தால் வாலைத் தூக்கும். இது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. தூக்கத்தில் கழுத்தில் ஊரும்போது நாம் கையால் தேய்த்து நசுக்குகிறோம், அதன் உடம்புக்குள் இருக்கிற சாறு தோலில் இழுபடுகிறது, அதுதான் கோடு. உடனே தெரியாது, அடுத்த நாள்தான் எரியும். மடிப்பு இருக்கும் இடத்தில் பட்டால் மடிப்பின் இரண்டு பக்கமும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி ஒரே வடிவத்தில் புண் வரும். சாறு பட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் கண் வீங்கி மூடிவிடும்.

வயல் பக்கத்தில் நெல்லைத் தின்னும் பூச்சிகளை இது தின்கிறது, அந்த வகையில் நல்ல வண்டுதான். தம்பலகாமத்தில் வேலைக்குப் போன வீடுகளில் "சிலந்திப் புண்" என்று எனக்குக் காட்டிய கோடுகளை இப்போது யோசித்தால் எல்லாமே வெள்ளை வெளிச்சத்துக்குக் கீழே படுத்தவர்களுக்கு வந்தவை. உடம்பில் இது ஊர்ந்தால் அடிக்கக்கூடாது, ஊதித் தள்ள வேண்டும் அல்லது ஒரு கடதாசியில் ஏற்றித் தட்டிவிட வேண்டும், பட்ட இடத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். நான் செய்த மாதிரி மஞ்சளைத் தேய்க்கக்கூடாது. மழைக்காலத்தில் கட்டிலுக்கு நேர் மேலே இருக்கும் லைற்றைப் படுப்பதற்கு முதல் நூர்த்துவிடுங்கள், நுளம்பு வலைக்குள் படுங்கள், வாசல் பல்பை வெள்ளையிலிருந்து மஞ்சள் எல்ஈடிக்கு மாற்றினால் பூச்சி வருவது நன்றாகக் குறையும். இதை இப்போது கேட்காமலே வீட்டுக்காரருக்குச் சொல்கிறேன், மாற்றுகிற கூலியும் எனக்குத்தானே.

என் புண் ஆற இரண்டு கிழமைக்கு மேல் ஆனது, கறுப்புத் தழும்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நான் அடித்துக் கொன்ற சிலந்திகள்தான் மனதில் உறுத்தின. அவற்றில் அந்தச் சுவிச் போர்ட் ஆளும் ஒன்று.

பெரியம்மாவின் கதை இதைவிட மோசம். அவவுக்கு நெஞ்சுக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் பட்டி கட்டின மாதிரிக் கொப்புளம் வந்தது. வருவதற்கு இரண்டு நாள் முதலே அந்த இடத்தில் குத்தும் எரிவும். "சிலந்தி ஊர்ந்திருக்கு" என்று சொல்லிக் காவி பூசி, நாள் கடத்தி, ஒரு கிழமை கழித்துத்தான் டொக்டரிடம் போனா. அது அக்கி. சின்ன வயதில் அம்மாள் வருத்தம் (சின்னம்மை) வந்து போகிறதே, அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை, நரம்பின் வேரில் ஒளிந்திருந்து வயதானபோதோ உடம்பு பலவீனப்பட்டபோதோ ஒரு நரம்பின் பாதையில் வெளியே வருகிறது. அதனால்தான் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டி மாதிரி. இதற்கு மருந்து இருக்கிறது, ஆனால் கொப்புளம் தெரிந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். பெரியம்மாவின் புண் ஆறிவிட்டது, அந்த நரம்பு வலி மாதக்கணக்காகப் போகவில்லை, சட்டைத் துணி உரசினாலும் துடிப்பா. கண்ணுக்குக் கிட்ட இப்படி வந்தால் ஒரு நாளும் பொறுக்கக்கூடாது.

நீரிழிவு இருக்கிறவர்களின் காலில் ஒரு கட்டி சிவந்து வீங்கினாலும் எங்கள் ஊரில் முதல் குற்றவாளி சிலந்திதான். கிருமி தொற்றிய புண்ணுக்கு இல்லாத சிலந்தியைத் தேடிக்கொண்டிருந்தால் புண் காத்துக்கொண்டிருக்காது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயமான தவறு ஒன்று இருக்கிறது. வெக்கைக்குத் தரையில் பாய் போட்டுப் படுத்தவர் இரவில் ஏதோ கடித்து எழும்புகிறார், பார்த்தால் அடையாளமே இல்லை, வீக்கமும் இல்லை, "சிலந்தியா இருக்கும்" என்று திரும்பப் படுக்கிறார். எண்ணெய் விரியன் (கட்டுவிரியன் என்றும் சொல்வார்கள், கறுப்பு உடம்பில் வெள்ளை வளையம்) கடித்தாலும் இப்படித்தான் இருக்கும், பெரிதாக வலிக்காது. சில மணித்தியாலத்தில் வயிற்று வலி வரலாம், கண்ணிமை கீழே விழும், பேச்சு குழறும், மூச்சு நிற்கும். இரவில் கடித்ததைக் கண்ணால் காணவில்லை என்றால் அதைச் சிலந்தியின் கணக்கில் எழுதாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடித்தது சிலந்திதான் என்று தெரிந்தால் மிஞ்சிப்போனால் ஓட்டோ காசுதான் நட்டம்.

இனி என் பயத்துக்கு நான் என்ன செய்தேன் என்பது.

முதலில் செய்ததெல்லாம் பிழை. பூச்சி மருந்து அடித்தேன். நேரே பட்டால் சாகும்தான், ஆனால் சாவதற்கு முதல் அது பைத்தியம் பிடித்த மாதிரி நாலு பக்கமும் ஓடும், ஒன்று என் தோளில்தான் வந்து விழுந்தது. அதோடு சிலந்தி ஒரு பூச்சியே இல்லை, எட்டுக் கால், உணர்கொம்பும் இல்லை, கால் நுனியில் நடக்கிறபடியால் சுவரில் அடித்துக் காய்ந்த மருந்து அதைப் பெரிதாகத் தொடுவதும் இல்லை. வயர்மனாக ஒன்று சொல்கிறேன், சுவிச் போர்ட்டுக்குள்ளோ ஜங்சன் பொக்ஸுக்குள்ளோ இந்த ஸ்பிரேயை ஒருபோதும் அடிக்காதீர்கள். போத்தலுக்குள் இருக்கிற வாயு தீப்பற்றக்கூடியது, உள்ளே ஒரு தளர்ந்த இணைப்பு பொறி தட்டினால் போதும். சிலந்தியால் ட்ரிப் ஆன வீட்டை இருபது வருசத்தில் நான் கண்டதில்லை. பல்லி மாட்டிக் கருகிய இடங்களும், எறும்பு நிறைந்து ஒட்டாமல் போன சுவிச்சுகளும் எத்தனையோ கண்டிருக்கிறேன். 2017 இல் இலங்கை முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது, கிண்ணியாப் பக்கம் அந்த வருசத் தொடக்கத்தில் பட்ட பாட்டை எல்லாரும் கண்டோம். நுளம்பு அப்படி இருக்க, வீட்டில் நுளம்பைத் தின்கிற ஒன்றைத் தேடித் தேடி அடித்துக்கொண்டிருந்தேன்.

ஃபோனில் வாசித்துத்தான் வேறு வழி தெரிந்தது. சுவீடன் உளவியலாளர் ஓஸ்ட் என்பவர் 1989 இல் எழுதிய முறை, இப்படிக் குறிப்பிட்ட ஒன்றுக்குப் பயப்படுகிறவர்களை ஒரே அமர்வில், அதிகம் போனால் மூன்று மணித்தியாலம், படிப்படியாக அந்தப் பொருளுக்குக் கிட்டக் கொண்டு போவது. இதன் சூட்சுமம் எனக்கு விளங்கிய விதத்தில் சொன்னால்: பயம் ஏறும், உச்சிக்குப் போகும், நாம் ஓடாமல் நின்றால் தானாக இறங்கும். நாங்கள் எப்போதும் உச்சியில் ஓடிவிடுகிறோம், அதனால் ஓடியபடியால்தான் தப்பினோம் என்று உடம்பு கணக்கு வைத்துக்கொள்கிறது. அடுத்த தரம் இன்னும் வேகமாக ஓடச் சொல்கிறது.

உதவிக்கு ஆள் இல்லை, நானே செய்தேன். படம் பார்ப்பதில் தொடங்கினேன், அதற்கே உள்ளங்கை வியர்த்தது. பிறகு ஒரு நாள் மனுசி அலுமாரிக்குப் பின்னால் "செத்த சிலந்தி" ஒன்றைக் கூட்டி எடுத்தா. பார்த்தால் அது செத்த சிலந்தி இல்லை, கழற்றிப் போட்ட சட்டை. நெஞ்சின் மேல் பக்கம் பெட்டி மூடி மாதிரித் திறந்திருக்கிறது, கால் எட்டும் வெறும் உறை, நுனி வரைக்கும் மயிர் அப்படியே இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. வளருகிறபோது பாம்பு மாதிரி இதுவும் தோலைக் கழற்றும். வீடுகளில் செத்துக் கிடக்கிறது என்று நாம் நினைக்கிறவற்றில் இதுவும் உண்டு. அதை ஒரு ஜாம் போத்தலுக்குள் போட்டு மேசையில் வைத்தேன். இரண்டு நாள் போத்தலைத் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிட்டேன், மூன்றாம் நாள் திருப்பவில்லை. ஐந்தாம் நாள் இடது உள்ளங்கையில் கொட்டினேன். கடதாசிப் பாரம்கூட இல்லை. உயிரில்லை என்று தெரிந்தும் முடியெல்லாம் குத்திட்டு நின்றது. எடுத்துப் போடாமல் கையை மேசையில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன், வானொலியில் செய்தி தொடங்கி முடிகிற நேரத்துக்குள் நெஞ்சு அடிப்பது வழமைக்கு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயம் இறங்குவதைப் பார்த்தேன்.

பிறகு கிளாஸும் மட்டையும். வாய் அகன்ற கண்ணாடிக் கிளாஸைச் சிலந்திக்கு மேல் மெல்லக் கவிழ்க்க வேண்டும், கால் எல்லாம் உள்ளே வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும், கலண்டர் மட்டை ஒன்றைச் சுவருக்கும் கிளாஸுக்கும் இடையில் தள்ளி, இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போய் வேலி ஓரத்தில் விட வேண்டும். ஒரு கை பிளாஸ்டரில் இருந்தபடியால் மட்டையைத் தள்ளியது மனுசி. முதல் தரம் நான் கிளாஸையே கீழே போட்டு உடைத்தேன். இரண்டாம் தரம் சரி வந்தது. சின்னப் பிள்ளைகள் முன்னால் இதைச் செய்யும்போது கத்தாமல் இருந்தால் பாதிப் பயம் அவர்களுக்குப் போகாது, கத்தினால் பயமும் சேர்ந்து போகும்.

குளியலறை வாளிக்குள் கிடப்பது குழாய் வழியாக வந்ததில்லை, விழுந்து வழுக்கி ஏற முடியாமல் நிற்கிறது. ஒரு துவாயின் நுனியைத் தொங்கப் போட்டால் விடியும்போது போயிருக்கும்.

நஞ்சே இல்லை என்று நான் சொல்லவில்லை. கிட்டத்தட்ட எல்லாச் சிலந்திக்கும் நஞ்சு உண்டு, அது இரைக்கு. மனிதனை வாட்டக்கூடியவை மிகக் கொஞ்சம். எங்கள் பக்கத்தில் மரியாதையோடு ஒதுங்க வேண்டியது புலிமுகச் சிலந்தி, மயிர் அடர்ந்த பெரிய இனம், மரப் பொந்திலும் பழைய கட்டடத்திலும் இருக்கும். 2009 இல் மாங்குளத்தில் ஊர்மக்கள் அடித்துக் கொண்டுவந்த ஒன்றை வைத்துத் தேடத் தொடங்கி, பிறகு அந்த ஊரின் பழைய ஆஸ்பத்திரி டொக்டர் குவாட்டர்ஸுக்குள்ளும் கண்டுபிடித்து, 2012 இல் புது இனமாக அறிவித்தார்கள். காலை விரித்தால் 20 சென்ரிமீற்றர். தேடலுக்கு உதவிய பொலிஸ் அதிகாரி ராஜகுமாரின் பெயரால்தான் ராஜை என்று பெயர் வைத்தார்கள். இந்தச் சாதி கடித்தால் வலி, வீக்கம், அதோடு உடம்பெல்லாம் தசை இழுக்கிற பிடிப்பு வரும், சிலருக்கு அது நாள் கழித்தும் வரும், ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். ஆள் செத்ததாகப் பதிவு இல்லை. நான் நேரில் கண்டதில்லை, காணாமல் இருப்பதில் கவலையும் இல்லை.

பொடியனை ஒருக்கால் கடித்தது, சாதாரண வீட்டுச் சிலந்திதான். கழற்றி வைத்த சேட்டை உதறாமல் போட்டான், அக்குளில் நசுங்கியது, கடித்தது. நசுக்கினால் எதுதான் கடிக்காது. குளவியை விடக் குறைவு என்றான், சவர்க்காரம் போட்டுக் கழுவி ஐஸ் வைத்தான், பின்னேரம் எந்தப் பக்கம் கடித்தது என்று அவனுக்கே சந்தேகம். வீக்கம் பரவினாலோ மூச்சு முட்டினாலோ தசை இழுத்தாலோ ஐஸோடு நிற்கக்கூடாது. இப்போது இரண்டு பேருமே சேட்டையும் சப்பாத்தையும் உதறித்தான் போடுகிறோம், சிலந்தியைவிடத் தேளுக்கும் மட்டத்தேளுக்கும் அது நல்லது. மூடியைக் கழற்றுவதற்கு முதல் ஸ்குரூ டிரைவரின் பிடியால் நாலு தட்டுத் தட்டிவிட்டு ஒரு நிமிசம் பொறுப்பேன், உள்ளே இருப்பவர் வேறு வழியால் போக விரும்பினால் போகட்டும் என்று. கையுறை போடுவேன். இரவில் ரோச்சை நெற்றிக்குக் கிட்டப் பிடித்துப் புல்லுக்குள் அடித்துப் பாருங்கள், பனித்துளி மாதிரிப் பச்சையாய் மினுங்குபவற்றில் கன பேர் ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள். உப்புவெளியில் எங்கள் முற்றத்தில் எண்ணத் தொடங்கி முப்பதோடு விட்டுவிட்டேன், அவ்வளவு பேருக்கு நடுவில்தான் நான் இத்தனை காலம் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன்.

போன மாதம் அதே நிலாவெளி விடுதியில் இருந்து கூப்பிட்டார்கள். அதே அறை, அதே ஃபான், அன்றைக்கு விட்ட இடத்தில் வேறு யாரோ அரைகுறையாகப் பூட்டியிருந்தார்கள். ஏணியில் ஏறி மூடியை நாலு தரம் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஓரத்தால் ஒரு கால் வந்தது, பிறகு இன்னொன்று, பிறகு முழு ஆளும் வெளியே வந்து சீலிங்கில் என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. நெஞ்சுக்குக் கீழே அந்த வெள்ளைப் பட்டன். கீழே பொடியன் ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பது எனக்குக் காலில் தெரிந்தது. "அண்ணை, இறங்குவமா?"

அது மெல்ல நடந்து யன்னல் சீலைக் கம்பிக்குப் பின்னால் போகும் வரைக்கும் நின்றேன். பிறகு ஸ்குரூ டிரைவரைத் தா என்றேன். குரல் கொஞ்சம் கீச்சென்றுதான் வந்தது.